மூன்றாம் இடத்துக் கற்கள்

ஜனவரி 11

வந்து சேர்ந்தாயிற்று. பஸ் நிற்கும் இடத்துக்கு ஜீப் வரும் என்று ஹரிஹரன் சார் சொல்லியிருந்தார். வந்தது ஒரு பொதிக்குதிரை. பெட்டிகளை அதன் முதுகில் ஏற்றிவிட்டு நான் பின்னால் நடந்தேன். குதிரைக்காரர் வழிநெடுக வாயைத் திறக்கவில்லை. வாசலில் பெட்டியை இறக்கும்போது மட்டும், "தனியாவா இருக்கப் போறீங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஒரு அறை, ஒரு சமையலறை, தகரக் கூரை. முன்பு எஸ்டேட் காவலாளி இருந்த வீடாம். பின்கதவைத் திறந்தால் நெட்டோடை என்கிற மலையோடை. ஜன்னலைச் சாத்தினாலும் சத்தம் கேட்கிறது. கும்பகோணம் வீட்டில் கடைசியாக இருந்த மௌனத்துக்கு இது எவ்வளவோ தேவலை.

ஜனவரி 12

குளிர். இரண்டு ஸ்வெட்டர் போதவில்லை.

ஜனவரி 13

என் வேலை என்ன என்று எனக்கே ஒரு முறை சொல்லிக்கொள்கிறேன். ஓடையில் ஐந்து இடங்கள். மாதம் ஒரு தடவை ஒவ்வோர் இடத்திலும் சில கற்களைத் தூக்கி, அடியில் ஒட்டியிருப்பதை வெள்ளைத் தட்டில் தூரிகையால் தள்ளி, எண்ணி, திரும்ப ஓடையிலேயே விட வேண்டும். கல்லை எடுத்த குழியிலேயே, எடுத்த பக்கம் மாறாமல் வைக்க வேண்டும். தண்ணீர் எவ்வளவு வேகம், கல் எவ்வளவு பெரிது, வெயில் எவ்வளவு விழுகிறது என்று குறிக்க வேண்டும். வீடு எப்படியோ அப்படித்தான் குடியிருப்பவர்கள் அமைவார்கள் என்பதுதான் மொத்த விஷயமும். இதையே ஹரிஹரன் சாரின் அலுவலகத்தில் தடித்த புத்தகமாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஹரிஹரன் என்னோடு எம்.எஸ்ஸி. படித்தவன். தவளை அறுக்கும்போது மயங்கி விழுந்தவன். இப்போது சார். அம்மா போன செய்தி கேட்டுப் பேசியபோது, "சும்மா இருக்காதே வல்லி, ஒரு வேலை இருக்கு, வா" என்றான். பதினொரு வருஷம் அம்மாவின் கட்டிலைச் சுற்றியே இருந்தவளுக்கு விலங்கியலில் என்ன ஞாபகம் இருக்கும் என்று அவன் கேட்கவில்லை. அதற்காகவே அவனைச் சார் என்று எழுதுகிறேன்.

ஜனவரி 15

முதல் கணக்கு முடிந்தது. முழங்கால் கெஞ்சுகிறது.

முதல் இடம் சோலைக்காட்டுக்குள். தண்ணீர் பாறையில் சறுக்கி விழுகிறது. நிற்க இடமில்லாத அந்த வேகத்திலும் சில தலைப்பிரட்டைகள் வாயாலேயே பாறையைக் கவ்விக்கொண்டு பாசி தின்கின்றன. இரண்டாவது ஒரு மடு. உதிர்ந்த இலைகள் அடியில் மக்கிக் கிடக்கின்றன. நண்டும் இலை அரிக்கும் புழுக்களும் அங்கே. நான்காவது இடத்தில் மர நிழல் கிடையாது, வெயில் பட்டுக் கற்கள் எல்லாம் பச்சைப் பாசி, நத்தைகளுக்குக் கொண்டாட்டம். ஐந்தாவது பாலத்துக்குக் கீழே, வெறும் மணல். மணலில் ஒளிய இடமில்லை, அதனால் அங்கே ஆளும் குறைவு.

மூன்றாவது இடம் என் பின்கதவுக்கு நேரே. ஐந்திலும் அதுதான் அழகு. கணுக்கால் அளவு தண்ணீர், நல்ல ஓட்டம், பாதி நிழல். தேங்காய் அளவில் கற்கள் ஒன்றன்மேல் ஒன்று அணைந்து கிடக்கின்றன. அந்த இடுக்குகள்தான் ஊர். மணலைப் பொறுக்கிக் குழாய் மாதிரி ஒட்டி அதற்குள் குடியிருக்கும் புழு, ஓட்டத்தில் அடித்துப் போகாதபடி உடம்பையே தட்டையாக்கிக்கொண்ட இளம்பூச்சி, செப்புக் காசு மாதிரி வட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும் இன்னொன்று. தட்டு கொள்ளவில்லை.

மாலை ஒரு பெண் சர்க்கரைப் பொங்கலோடு வந்தாள். பெயர் நாகஜோதி. மூன்றாம் இடத்துக்கு மேலே ஓடையை ஒட்டிப் பூண்டு போட்டிருக்கிறார்களே, அந்த நிலம் அவர்களுடையது. அவளும் கணவர் குருசாமியும் மட்டும். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில். என்னை டீச்சர் என்கிறாள். நான் டீச்சர் இல்லை என்றேன். தட்டும் பேனாவும் வைத்திருந்தால் டீச்சர்தான் என்று முடித்துவிட்டாள்.

ஜனவரி 17

காபி டம்ளரோடு பின்பக்கம் போனேன். நாலைந்து கல் தூக்கிப் பார்த்தேன். வேலைக்காக இல்லை, சும்மா. எல்லோரும் இருந்தார்கள்.

ஜனவரி 18

இன்றும்.

ஜனவரி 22

ஜோதி பூண்டுக் குழம்பு கொண்டுவந்தாள். படியில் உட்கார்ந்து மகனைத் திட்டினாள். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுகிறேன் என்பானாம். எந்த ஞாயிறு என்று சொல்ல மாட்டானாம். என் தம்பியும் அந்தக் கட்சிதான் என்றேன். இரண்டு பேரும் நன்றாகச் சிரித்தோம். அவள் போன பிறகு வீடு முன்னைவிடப் பெரிதாகிவிட்டது.

மூன்றாம் இடத்தில் வழுக்காமல் நிற்பதற்காகக் கரையில் கிடந்த தட்டைக் கற்களை வரிசையாக இறக்கி வைத்தேன். நடுவில் ஒன்று உட்காரும் அளவுக்குப் பெரியது. அதை உருட்டிக்கொண்டு வருவதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. ஆனால் உட்கார்ந்தால் நாலு பக்கமும் கை எட்டுகிறது. ராணி சிம்மாசனம்.

ஜனவரி 29

தம்பி ராஜகோபால் கூப்பிட்டான். வீட்டை வாங்கியவர்கள் அம்மாவின் கட்டிலைக் கொல்லையில் போட்டுவிட்டார்களாம், என்ன செய்ய என்று கேட்டான். உனக்கு வேண்டுமா என்று கேட்டேன். அவன் வீட்டில் இடம் இல்லை. எனக்கு வீடே இல்லை. விறகுக்குக் கொடுத்துவிடச் சொன்னேன்.

அம்மா இருந்தபோது காலையில் எழுந்ததும் முதல் காரியமாக அவள் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பேன். பல் விளக்குவதெல்லாம் பிறகுதான். அந்தப் பழக்கம் கையை விட்டுப் போகவில்லை. விடிந்ததும் எங்கேயாவது போய்ப் பார்க்க வேண்டும் என்று கை பரபரக்கிறது.

அதனால்தான் பின்கதவு. ஓடையில் தண்ணீர் பல்லைக் கிட்ட வைக்கிறது. பத்து கல்லாவது பார்த்திருப்பேன்.

பிப்ரவரி 6

காய்ச்சல் மாதிரி இருந்தது. வெளியே போக வேண்டாம் என்று படுத்தேன். பிறகு போனேன்.

பிப்ரவரி 14

இரண்டாம் கணக்கு. மற்ற நான்கு இடமும் போன மாதம் மாதிரியே. மூன்றாவது மட்டும் குறைந்திருக்கிறது. காசுப் புழுக்கள் பாதிகூட இல்லை. குளிராக இருக்கலாம். இருக்கலாம் என்று எழுதிவிட்டேனே தவிர, குளிர் நான்கு இடத்தை விட்டுவிட்டு ஓரிடத்துக்கு மட்டும் எப்படி வரும் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 20

கல்லுக்கு ஒன்றிரண்டுதான் இருக்கிறது. அதனால் அதிகக் கற்களைப் பார்க்க வேண்டியிருக்கிறது. முன்பு கரையோரம் பார்த்தாலே போதும். இப்போது நடுவரைக்கும் போய்த் தேடுகிறேன். மணல் குழாய்ப் புழு ஒன்று கிடைத்ததும் ஏதோ தொலைந்த மோதிரம் கிடைத்த மாதிரி சந்தோஷம்.

பிப்ரவரி 24

குருசாமி முதுகில் டேங்க்கை மாட்டிக்கொண்டு பூண்டுக்கு மருந்தடித்தார். நாற்றம் என் சமையலறை வரை வந்தது. நிலத்தின் ஓரத்துக்கும் ஓடைக்கும் நடுவே ஒரு முழ வரப்புதான். ஜோதியிடம் என்ன மருந்து என்று கேட்டேன். கடையில் கொடுத்தது, பூச்சிக்கு என்றாள். பூச்சிக்கு என்ற சொல் எனக்கு உறுத்தியது.

மார்ச் 3

பூண்டு எடுப்பு. மேலே ஒரே ஆள் சத்தம். ஜோதி என்னையும் கூப்பிட்டாள். தாளோடு சேர்த்துக் கட்டுக் கட்டி, வீட்டுக்குள் உத்தரத்தில் தொங்கவிட்டு, கீழே புகை போடுகிறார்கள். கண் எரிந்தது. குருசாமி என்னைப் பார்த்து, டீச்சருக்குப் புகை ஆகாது, வாசல்ல உக்காரச் சொல்லு என்றார். அவர் என்னைப் பற்றிப் பேசிய முதல் வாக்கியம். அங்கேயே சாப்பிட்டேன். நான்கு பேர் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது எப்படி இருக்கும் என்றே மறந்துபோயிருந்தது.

இனி அந்த நிலத்தில் கேரட் போடுவார்களாம். ஓடையிலிருந்து கறுப்பு ஓஸ் பைப்பில் தண்ணீர் வரும். வெயில் காலத்தில் அந்தப் பைப் ஒன்றுதான் அவர்களுக்கு ஆதாரம்.

மார்ச் 13

மூன்றாம் கணக்கு. மூன்றாம் இடத்தில் தட்டு காலி. நான் மிகைப்படுத்தவில்லை. தட்டின் ஒரு மூலையில் இரண்டு ஜீவன்கள், அவையும் சோர்ந்து. கற்களுக்கு நடுவே மண் படிந்து இடுக்கெல்லாம் அடைத்துக் கிடக்கிறது. கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அழுகை வந்தது. பூச்சிகளுக்கு அழுகிற பைத்தியக்காரி என்று யாரும் பார்க்கவில்லை.

பூண்டு நிலத்துக்கு மேலே இருக்கும் ஒன்றாவதும் இரண்டாவதும் நன்றாக இருக்கின்றன. கீழே இருக்கும் மூன்றாவது செத்துவிட்டது. நான்கும் ஐந்தும் பிழைத்திருக்கின்றன, ஆனால் அங்கே போவதற்குள் வேறு இரண்டு ஓடைகள் வந்து கலக்கின்றன. மருந்து நீர்த்துப்போயிருக்கும். எல்லாம் பொருந்துகிறது.

மார்ச் 15

ஹரிஹரன் சாருக்குப் போன் செய்தேன். அவர் குரலில் இவ்வளவு உற்சாகத்தைக் கேட்டதில்லை. நிலத்துக்கு மேல், நிலத்துக்குக் கீழ் என்று இவ்வளவு தெளிவாக ஒப்பிட எங்கும் கிடைக்காது, உடனே எழுது என்றார். மலைக்குக் கீழே டவுனில் இருக்கும் அதிகாரிகளுக்கும் ஒரு பிரதி போகுமாம். ஜோதி குடும்பத்தை ஒன்றும் செய்துவிட மாட்டார்களே என்று கேட்டேன். மருந்தைக் குறைக்கச் சொல்லுவார்கள், அவ்வளவுதான் என்றார்.

மார்ச் 16

எழுதி அனுப்பிவிட்டேன். எழுதி முடிக்கிற வரை ஜோதி கொடுத்த குழம்பு அடுப்பில் சூடாகிக்கொண்டிருந்தது. உள்ளதைத்தானே எழுதினேன்.

மார்ச் 27

அதிகாரிகள் இரண்டு பேர் வந்தார்கள். மருந்தைக் குறைக்கச் சொல்லவில்லை. ஓடையில் கிடந்த ஓஸ் பைப்பைப் பிடுங்கிச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். ஓடை ஓரத்து நிலத்தில் இனி பயிர் வைக்கக் கூடாது, அடுத்த மாதம் கீழே விசாரணை, அதுவரை தண்ணீர் எடுத்தால் நிலத்தையே விட வேண்டியிருக்கும் என்று சொன்னார்களாம். எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவர்களே திரும்பும்போது என் வீட்டுக்கு வந்து இதைச் சொல்லி, உங்கள் அறிக்கை நன்றாக இருந்தது மேடம் என்று பாராட்டிவிட்டுப் போனார்கள். ஜோதி மேலே வரப்பில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 28

யாரும் வரவில்லை.

மார்ச் 31

ஜோதி புல்லுக்கட்டோடு என் வாசல் வழியாகப் போனாள். கூப்பிட்டேன். காதில் விழவில்லை. விழுந்தது, விழாத மாதிரி போனாள்.

ஏப்ரல் 2

மூன்றாம் இடத்துக்குப் போனேன். ஒன்றும் இல்லை. மருந்தடித்து இத்தனை நாளாகிவிட்டது, மேலிருந்து ஒன்றிரண்டாவது அடித்துக்கொண்டு வந்து குடியேற வேண்டாமா? இன்னும் கொஞ்சம் தள்ளித் தேடினேன். எதற்கு இப்படித் தேடுகிறேன் என்று எனக்கே எரிச்சலாக இருக்கிறது. ஆனால் விடிந்தால் வேறு போக்கிடம் இல்லை.

ஏப்ரல் 5

கேரட் முளைத்து நான்கு விரல் உயரம்தான் இருக்கும். பின்கதவில் நின்றால் தெரிகிறது, பச்சை மங்கிக்கொண்டு வருகிறது. குருசாமியும் ஜோதியும் தூரத்து ஊற்றிலிருந்து குடத்தில் தூக்கிவந்து ஊற்றுகிறார்கள். அவ்வளவு நிலத்துக்குக் குடத்துத் தண்ணீர் எந்த மூலைக்கு?

மனசு சரியில்லை. உள்ளதைத்தானே எழுதினேன் என்று நாளுக்குப் பத்துத் தடவை சொல்லிக்கொள்கிறேன். உண்மை என்றால் ஒரு தடவை சொன்னால் போதாதா?

ஏப்ரல் 8

ஜோதியிடம் ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும் என்று கிளம்பினேன். பாதை வழியாகப் போனால் குருசாமி பார்ப்பார். பார்த்தால் பேச மாட்டார், அதுதான் பயம். ஓடைக்குள் இறங்கி மேலே ஏறினேன். என் வீட்டுக்கும் பூண்டு நிலத்துக்கும் நடுவே முள்புதர் ஓடையின் மேல் கவிந்து கிடக்கிறது. இதுவரை நான் அதற்குள் போனதில்லை. யாருமே போயிருக்க மாட்டார்கள். குனிந்து, சேலையை முள் பிடித்து இழுக்க, நடுவில் கால் வழுக்கி விழுந்தேன். விழும்போது பிடித்த கல் கையோடு வந்துவிட்டது.

அதன் அடியில் எல்லோரும் இருந்தார்கள்.

மணல் குழாய்கள் ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு. தட்டைப் பூச்சிகள் வெளிச்சம் பட்டதும் விரல்மேல் ஏறி ஓடின. காசுப் புழுக்கள் மூன்று ஒரே வரிசையில். பக்கத்துக் கல்லை எடுத்தேன், அதிலும். இன்னொன்று, அதிலும். நான் நின்ற இடத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தால் ஜோதியின் வரப்பு தெரிகிறது. மருந்து அங்கிருந்து வந்தால் முதலில் இங்கேதான் விழ வேண்டும். இங்கே ஒரு குறையும் இல்லை. இவ்வளவு பேரையும் தாண்டிப்போய் என் பின்கதவில் மட்டும் கொல்கிற மருந்து எந்தக் கடையிலும் கிடைக்காது.

ஜோதி வீட்டுக்குப் போகவில்லை. திரும்பி மூன்றாம் இடத்துக்கு வந்தேன். ஜனவரியிலிருந்து தினமும் பார்த்த இடத்தை இன்றுதான் பார்த்தேன். முள்புதருக்குள் கற்கள் ஒன்றை ஒன்று கவ்விக்கொண்டு, அசைத்தாலும் அசையாமல் இருந்தன. இங்கே எல்லாம் ஆடும் பல் மாதிரி. பாசி படிந்த முதுகு அடியில் இருக்கிறது, வெளுத்த வயிறு மேலே இருக்கிறது. நான் பக்கம் மாற்றி வைத்திருக்கிறேன். மாதத்துக்கு ஒரு தடவை தூக்க வேண்டிய கற்களைத் தினமும் தூக்கினால் எந்தக் குழி எதனுடையது என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்? சிம்மாசனம் என்று உருட்டிப் போட்டேனே, அது ஓட்டத்தை மறித்துவிட்டது. அதன் பின்னால் தண்ணீர் சோம்பி நிற்க, என் கால் கிளறிய மண்ணெல்லாம் அங்கேயே படிந்து இடுக்குகளை அடைத்துவிட்டது. மேலிருந்து குடியேற வந்ததையும் மறுநாள் காலையில் நானே தூக்கி உலுக்கியிருக்கிறேன்.

மருந்து இல்லை. நான்தான்.

ஏப்ரல் 9

சாப்பிடவில்லை.

ஏப்ரல் 10

ஹரிஹரன் சாரிடம் சொன்னேன். தினமும் ஏன் தூக்கினாய் என்று கேட்டார். சும்மாதான் என்றேன். அறிக்கை மேலிடத்துக்குப் போய்விட்டது, இப்போது மாற்றினால் ஐந்து இடத்துக் கணக்கையும் யாரும் நம்ப மாட்டார்கள், என் பெயரோடு அவர் பெயரும் கெடும், இரண்டு மாதம் கல்லைத் தொடாமல் இருந்தால் தானே சரியாகிவிடும், பைப்பை எடுத்ததால் தேறியது என்று எழுதிவிடலாம் என்றார். நல்ல மனுஷன்தான். பயந்துபோய்ப் பேசினார்.

அப்படியானால் கேரட்? என்று கேட்டேன். மருந்தடிப்பவர்கள்தானே, ஒரு போகம் போனால் போகட்டும் என்றார்.

ஏப்ரல் 12

அவர் சொன்னபடி சும்மா இருந்தால் எனக்கு வேலை இருக்கும், இந்த வீடு இருக்கும். சொல்லிவிட்டால் இரண்டும் போகும். எங்கே போவது? தம்பி வீட்டில் கட்டிலுக்கே இடமில்லை.

ஆனால் இங்கே இருந்தால் தினமும் பின்கதவைத் திறக்க வேண்டும். எதிரே அந்த நிலம் காய்வதைப் பார்க்க வேண்டும். அதைப் பார்த்துக்கொண்டு இட்லியை எப்படித் தின்பது?

ஏப்ரல் 16

கீழே விசாரணை. ஒரு ஹாலில் மேஜைக்குப் பின்னால் மூன்று அதிகாரிகள். சுவரோரப் பெஞ்சில் குருசாமி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கையைக் கட்டி உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் ஜோதி. என்னைப் பார்த்ததும் அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள். இன்னும் எதையோ சொல்லி மாட்டிவிடத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பாள்.

என் அறிக்கையை ஒருவர் படித்தார். என் எழுத்து எவ்வளவு தெளிவாக, எவ்வளவு நிச்சயமாக இருக்கிறது என்று கேட்கும்போது கூசியது. படித்து முடித்ததும் எழுந்தேன்.

"இது தப்பு சார். மூணாவது இடத்துல இருந்ததை அழிச்சது மருந்து இல்லை. நான்தான். தினமும் ஓடையில எறங்கிக் கல்லைப் புரட்டியிருக்கேன். அவங்க நிலத்தை ஒட்டியே ஒரு புதர் இருக்கு, அதுக்குள்ள எல்லாம் உயிரோட இருக்கு. யாரை வேணாலும் அனுப்பிப் பாக்கச் சொல்லுங்க" என்றேன்.

நடுவில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தினமும் புரட்ட வேண்டும் என்று உங்கள் வேலையில் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். பிறகு எதற்குப் புரட்டினீர்கள் என்றார். ஹாலில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பார்க்கணும்னு தோணுச்சு சார் என்றேன். கடைசிப் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள்.

குருசாமி சிரிக்கவில்லை. வெளியே வந்தபோது என்னைக் கடந்து நேரே பஸ்ஸுக்குப் போனார்.

ஏப்ரல் 19

அதிகாரி ஒருவர் வந்து புதருக்குள் இறங்கிப் பார்த்தார். வெளியே வரும்போது சட்டையெல்லாம் முள். சரி மேடம் என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் 21

ஹரிஹரன் சாரிடமிருந்து செய்தி. மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். தட்டு, தூரிகை எல்லாவற்றையும் கட்டி அனுப்பிவிடச் சொல்லியிருக்கிறார். கடைசியில், உடம்பைப் பார்த்துக்கொள் என்று இருந்தது. அந்த வரியை எழுதியது சார் இல்லை, பழைய ஹரிஹரன்.

கல்லூரித் தோழி ஒருத்தி திண்டுக்கல்லில் மகளிர் விடுதி ஒன்றில் கட்டில் பார்த்துத் தருகிறேன் என்றிருக்கிறாள்.

ஏப்ரல் 24

அதிகாரிகள் பைப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், மேலே மறுபடியும் போட்டாயிற்று. தண்ணீர் பாய்கிற சத்தம் ஓடைச் சத்தத்தோடு சேர்ந்து கேட்கிறது. கேரட் பாதிக்குமேல் தேறிவிடும் போலிருக்கிறது. ஓரத்து நாலைந்து பாத்தி போனது போனதுதான்.

கரையில் நின்று தட்டைக் கற்களை வெளியே எடுத்துப் போட்டேன். பெரியதை நெம்ப முடியவில்லை. முக்கி முக்கிப் பார்த்துவிட்டு விட்டேன். அடுத்த பெருமழை வந்து உருட்டிக்கொண்டு போகட்டும்.

ஏப்ரல் 27

ஜோதி வந்தாள். கையில் பாத்திரம் எதுவும் இல்லை. படியில் உட்காரவில்லை, நின்றாள். எப்போது கிளம்புகிறீர்கள் என்று கேட்டாள். நாளை மறுநாள் என்றேன். குதிரைக்குச் சொல்லியாயிற்றா என்றாள். சொல்லியாயிற்று என்றேன்.

மன்னித்துவிடு என்று சொன்னேன். கோபம் இன்னும் போகவில்லை என்றாள். குடம் சுமந்த தோளைத் தொட்டுக் காட்டினாள். அவருக்கும் போகவில்லை, ஆனால் அந்த ஹாலில் நீங்கள் எழுந்து நின்றதை நேற்றுக்கூடச் சொல்லிக்கொண்டிருந்தார் என்றாள்.

கிளம்புகிறவள் மாதிரி நாலடி போய்த் திரும்பினாள்.

"ஒண்ணு கேக்கணும். கல்லைப் புரட்டுறப்ப என்னமோ கேப்பீங்களே, அதுவும் வேலையா?"

நான் எதுவும் கேட்டதில்லை என்றேன்.

"கேப்பீங்க டீச்சர். துணி தொவைக்க வர்றப்பல்லாம் காதுல விழும். ஓடைச் சத்தத்துக்கு மேல, சத்தமாவே கேப்பீங்க. ஒவ்வொரு கல்லாத் தூக்கி, 'இருக்கியா'ன்னு கேப்பீங்க. மொத நாள் எனக்கு சிரிப்பு வந்துச்சு. மறுநாளும் கேட்டப்ப வரல. அன்னைக்குத்தான் கொழம்பு கொண்டாந்தேன்."

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

அம்மாவுக்குக் காது மந்தம். விரலை வைத்துப் பார்ப்பதற்கு முன்னால், அறைக்கதவைத் திறக்கும்போதே சத்தமாகக் கேட்பேன், இருக்கியா என்று. ம் என்பாள். சில நாள் வேண்டுமென்றே பதில் சொல்லாமல் இருந்து, நான் பதறி ஓடி வந்ததும் ஒற்றைக் கண்ணைத் திறந்து சிரிப்பாள். ஐப்பசியில் ஒரு நாள் அவள் பதில் சொல்லாதபோது, விளையாடாதே அம்மா என்று திட்டிக்கொண்டேதான் பக்கத்தில் போனேன்.

இதை ஜோதியிடம் சொன்னேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லி முடிப்பதற்குள் கும்பகோணத்தில் வராத அழுகை எல்லாம் வந்துவிட்டது. அவள் சமாதானம் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, நான் ஓயும்வரை ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள்.

"கேரட் எடுக்குறப்ப வாங்கக்கா. நம்ம வீட்டுலயே தங்கிக்கலாம்" என்றாள். படியிறங்கிப் போகும்போது திரும்பிப் பார்க்காமலே, "ஓடையில மட்டும் எறங்காதீங்க" என்றாள்.

சரி என்றேன்.